மஞ்சள் பலகையை அழிக்காதீர்கள்

“படம் பிரமாதம். ஆனா அந்த மஞ்சள் போர்டை மட்டும் விட்டிருக்கலாம், இல்லையா?”

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம், வெர்மாண்ட் மாநிலத்தின் ஒரு சின்ன ஆற்றங்கரையில், எங்கள் ஓவியக் குழுவின் மூத்த அம்மையார் ஒருவர் என் ஸ்கெட்ச் புத்தகத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது. அன்பாகத்தான் சொன்னார். அவர் கொண்டுவந்த ஆப்பிள் கேக்கில் இரண்டு துண்டு அதற்குள் என் வயிற்றில் இருந்ததால் நானும் சிரித்துவைத்தேன். வரைந்து முடித்ததும் எல்லாப் புத்தகங்களையும் தரையில் பரப்பி ஒருவர் படத்தை ஒருவர் பார்ப்பது இந்த மாதிரிக் குழுக்களில் வழக்கம். புல்லில் பதினோரு புத்தகங்கள். பதினொன்றிலும் அதே கூரைப் பாலம். சிவப்புப் பலகைச் சுவர், கீழே ஓடை, பின்னால் தீப்பிடித்த மாதிரி மேப்பிள் மரங்கள்.

நிஜப் பாலத்தின் வாசலுக்கு முன்னால் உயரமான லாரிகளைத் தடுக்க ஓர் இரும்புச் சட்டம் நிற்கிறது. பக்கத்தில், உள்ளே போகக்கூடிய உயரம் எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று எழுதிய மஞ்சள் பலகை. எடை வரம்பு எழுதிய வெள்ளைப் பலகை ஒன்று. சாலையோரத் தடுப்புக் கம்பி. மின்கம்பம். நாங்கள் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தில் நாற்பது வண்டியாவது உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் போயிருக்கும். பதினோரு பேரும் இதையெல்லாம் பார்த்தோம். பத்துப் பேர் வரையவில்லை.

எனக்கு ஆங்கிலத்தில் சண்டை போட வராது. ஆபீஸில் கோட் ரிவ்யூவில் எழுத்தில் போடுவேன். நேரில் முகத்தைப் பார்த்துவிட்டால் ‘யூ ஆர் ரைட்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அன்றும் அதைத்தான் சொன்னேன். வீடு திரும்பும் இரண்டரை மணி நேரக் கார் பயணம் முழுக்க ஸ்டியரிங்கோடு வாதாடிக்கொண்டு வந்தேன். அன்று சொல்லாமல் விட்டதைத் தமிழில், இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத உங்களிடம் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன்.

என் கட்சி இதுதான். கூரைப் பாலத்தை இப்படித் துடைத்து வரைவதை அழகுணர்ச்சி என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். அது சோம்பேறித்தனம். அந்தப் பாலத்துக்குக் கொஞ்சம் துரோகமும்கூட.

*

கவர்டு பிரிட்ஜ் எனப்படும் கூரைப் பாலத்தை நீங்கள் நேரில் பார்த்திருக்காவிட்டாலும் படத்தில் பார்த்திருப்பீர்கள். ‘தி பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுன்டி’, 1995. கிளின்ட் ஈஸ்ட்வுட் ஒரு மரப்பாலத்தைப் புகைப்படம் எடுக்க வருவார், மெரில் ஸ்ட்ரீப் வழி காட்டுவார். அதே பாலம்தான். ஆற்றின் மேல் ஒரு நீள வீட்டைத் தூக்கி வைத்தது போலிருக்கும். இரண்டு பக்கமும் பலகைச் சுவர், மேலே சரிவான கூரை, முன்னும் பின்னும் வாசல். ஒரு காலத்தில் அமெரிக்காவில் இப்படி ஆயிரக்கணக்கில் இருந்தன. இன்று நாடு முழுக்கச் சேர்த்தால் ஆயிரத்தைத் தொடாது. வெர்மாண்ட்டில் நூறு சொச்சம், பென்சில்வேனியாவில் அதைவிட அதிகம். இந்தியானாவின் பார்க் கவுன்டியில் மட்டும் 31 பாலங்கள் இருப்பதாக அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகப் பலகை வைத்திருக்கிறார்கள்.

எதற்குக் கூரை? கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை வரும். குதிரைகள் தண்ணீரைக் கண்டு மிரளாமல் இருக்க. பனி விழாமல் இருக்க. காதலர்கள் ஒதுங்க. பனிக் கதை தலைகீழ். அந்தக் காலத்தில் குளிர்காலத்துப் போக்குவரத்து சக்கரமில்லாத ஸ்லெட்ஜ் வண்டிகளில் நடந்தது. அதற்குத் தரையில் பனி வேண்டும். கூரை பனியைத் தடுத்துவிட்டதால், ஊர்க்காரர்கள் கூலி கொடுத்து ஆள் வைத்து, வெளியே கிடக்கும் பனியை அள்ளிப் பாலத்துக்குள்ளே கொட்டிப் பரப்பினார்கள்.

கூரை இருப்பது ட்ரஸ்ஸுக்காக. வேறு யாருக்காகவும் இல்லை. சுவருக்குள்ளே ஒளிந்திருக்கும் அந்த மரச்சட்டகம்தான் பாலம். மழை மரத்தின் இணைப்புகளுக்குள் இறங்கினால் பத்துப் பதினைந்து வருடத்தில் உளுத்துப்போகும். கூரை போட்டு மூடினால் நூறு வருடம் தாங்கும். பிலடெல்பியாவில் ஸ்கூல்கில் நதியின் மேல் டிமதி பால்மர் கட்டிய பாலத்தை மூடவேண்டும் என்று வற்புறுத்தியவர் ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்ற நீதிபதி. 1805இல் திறந்தார்கள். அமெரிக்கக் கூரைப் பாலங்களின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. ஆக, நாம் ‘எவ்வளவு அழகு’ என்று உருகும் கூரையும் சுவரும் ஒரு மழைக்கோட்டு. மழைக்கோட்டை வரைந்துவிட்டு ஆளை வரைந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லவேண்டும். நான் படித்தது சிவில். நான்கு வருடம். ‘மெத்தட் ஆஃப் ஜாயின்ட்ஸ்’ போட்டு ட்ரஸ்ஸின் ஒவ்வொரு உறுப்பிலும் எது இழுவிசை, எது அமுக்குவிசை என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டேன். கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கணினி நிறுவனம் ஆள் எடுத்தது, ஜாவா எழுதப் போய்விட்டேன். என் வகுப்பில் பாதிப் பேர் இதே கதைதான். நான்கு வருடத்தில் ஒரு நிஜ ட்ரஸ்ஸைக் கையால் தொட்டதில்லை. ரயில்வே ஸ்டேஷன் கூரையில் பார்த்திருப்பேன், ஆனால் பார்த்ததாக நினைவில்லை. முப்பத்து மூன்று வயதில் நியூ ஹாம்ப்ஷயர் எல்லையில் ஒரு பாலத்துக்குள் நடந்துபோனபோதுதான், பாடப்புத்தகத்தில் கோடாக இருந்தது கட்டையாகக் கண் முன்னால் நின்றது. கையை வைத்தேன். ஒரு பிக்கப் வண்டி உள்ளே வந்தது. கட்டை உள்ளங்கைக்குள் லேசாக அதிர்ந்தது. கணக்கில் வந்த அம்புக்குறி இதுதானா என்றிருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, எதற்கென்று தெரியாமல்.

அது கார்னிஷ்-விண்ட்சர் பாலம். கனெக்டிகட் நதியின் மேல், நியூ ஹாம்ப்ஷயரையும் வெர்மாண்ட்டையும் இணைப்பது. ஏறக்குறைய 450 அடி. 1866இல் ஜேம்ஸ் டாஸ்கர், பெலா ஃபிளெச்சர் என்ற இருவர் கட்டினார்கள், செலவு 9,000 டாலர். அதே இடத்தில் அதற்கு முன் மூன்று பாலங்கள் இருந்தன. 1796, 1824, 1849இல் கட்டியவை. மூன்றையும் வெள்ளம் கொண்டுபோனது. 1943 வரைக்கும் சுங்கம் வாங்கினார்கள். குதிரையை ஓட்டாமல் நடத்திப் போ, இல்லையென்றால் இரண்டு டாலர் அபராதம் என்ற பொருளில் வாசலில் ஒரு பலகை இன்னமும் இருக்கிறது. அந்தப் பலகையை எல்லோரும் ஆசை ஆசையாக வரைவார்கள், அது பழசு என்பதால். பக்கத்திலிருக்கும் உயர வரம்புப் பலகையை விட்டுவிடுவார்கள், அது புதுசு என்பதால். இரண்டும் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பாலம் இவ்வளவுதான் தாங்கும், பார்த்துப் போ. நூற்றைம்பது வருடம் கழித்து மஞ்சள் பலகையையும் ஆசையாக வரைவார்கள்போல.

*

இனி வரைவதைப் பற்றி. மையும் நீர்வண்ணமும் சேர்த்து, நேரில் உட்கார்ந்து வரைவதுதான் இந்தப் பாலங்களுக்குப் பொருத்தம் என்பது என் பிடிவாதம். எண்ணெய் வண்ணக்காரர்கள் மன்னிக்கவேண்டும், அல்லது வேண்டாம்.

மைக்கு ஒரு குணம் உண்டு. கோடு விழுந்தால் விழுந்ததுதான். நீர் பட்டாலும் கரையாத கார்பன் மையைப் பேனாவில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தால், ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கவேண்டும். எந்தப் பலகை முன்னால், எது பின்னால்? இந்தச் சட்டம் சுவரில் முடிகிறதா, சுவரைத் தாண்டிப் போகிறதா? வண்ணத்தில் இதையெல்லாம் ஒரு நனைந்த தீற்றலில் மழுப்பிவிடலாம், பார்ப்பவர்கள் ‘வாவ், என்ன லூஸாக வரைந்திருக்கிறார்’ என்பார்கள். மையில் மழுப்பமுடியாது. தெரியாததைத் தெரியாமல் வரைந்தால் கோடு தடுமாறுவது அப்படியே பதிவாகிவிடும்.

நியூ இங்கிலாந்தில் பெரும்பாலும் காணக்கிடைப்பது லேட்டிஸ் ட்ரஸ். இத்தியல் டவுன் என்ற கனெக்டிகட் கட்டடக் கலைஞர் 1820இல் காப்புரிமை வாங்கியது. அவருடைய கெட்டிக்காரத்தனம் இதுதான்: பெரிய உத்தரங்கள் வேண்டாம், நுணுக்கமாகப் பொளி வெட்டத் தெரிந்த பெருந்தச்சர்களும் வேண்டாம். உள்ளூர் மர அறுவை மில்லில் கிடைக்கும் சாதாரணப் பலகைகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்த்து வைத்து, சந்திக்கும் இடத்தில் துளை போட்டு மரமுளை அடித்து இறுக்கு. அவ்வளவுதான். கிராமத்து ஆட்களே கட்டிவிடலாம். காப்புரிமைக்கு அடிக்கு ஒரு டாலர் வாங்கினார், கேட்காமல் கட்டி மாட்டிக்கொண்டவர்களிடம் இரண்டு டாலர் என்று சொல்வார்கள். ஓப்பன் சோர்ஸ் ஆள் இல்லை. ஆனால் டிசைன் என்னவோ இன்றைக்கு நாங்கள் ஆபீஸில் பேசுகிற ‘சிம்பிளா வை, எவனும் மெயின்டெய்ன் பண்ணணும்’ என்கிற அதே புத்தி.

இதை வரைந்து பாருங்கள். முதல் தடவை சைக்கிள் கேட் போல வந்தது. இரண்டாம் தடவை கோலம் போட்டதுபோல. சாய்ந்த பலகைகள் இரண்டு அடுக்கு, ஒன்று இந்தப் பக்கம் சாய்கிறது, மற்றது அந்தப் பக்கம். முன் அடுக்கை முழுசாகப் போட்டுவிட்டு, இடைவெளிகளில் மட்டும் பின் அடுக்கைப் போடவேண்டும். இந்தச் சின்ன உண்மை எனக்குப் பிடிபட நான்கு சனிக்கிழமைகள் ஆயின. புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் பிடிபட்டே இருக்காது என்று நினைக்கிறேன். புகைப்படத்தில் உள்பக்கம் கறுப்பாக விழுந்துவிடும்.

அந்தக் கறுப்புதான் பெரிய மோசடி. வெளியிலிருந்து வரையும் எல்லோரும் பாலத்தின் வாசலை ஒரு கறுப்புச் சதுரமாக அடைத்துவிடுகிறார்கள். கேமரா அப்படித்தான் காட்டும். அதற்கு வெயிலையும் நிழலையும் ஒரே நேரத்தில் பிடிக்கத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும். பத்து நிமிஷம் வாசலையே பார்த்துக்கொண்டிருங்கள், இருட்டு விலகி உள்ளே ஒவ்வொன்றாக வரும். முதலில் தூரத்து வாசல், வெள்ளைச் சதுரமாக. பிறகு தரைப் பலகைகளில் அந்த வெளிச்சத்தின் நீளமான பிரதிபலிப்பு. பிறகு பக்கச் சுவர்களில் பலகை இடுக்கு வழியாக வரும் கீற்றுகள். கடைசியாக, அந்தக் கீற்றுகள் வெட்டிக் காட்டும் லேட்டிஸின் சாய்சதுரங்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியாகப் பூசமாட்டோம், காகிதம்தான் வெள்ளை. ஆகவே தூரத்து வாசலை முதலிலேயே தீர்மானித்துத் தொடாமல் விட்டுவிட்டு, அதைச் சுற்றி இருட்டைக் கட்டிக்கொண்டு வரவேண்டும். கறுப்பு டியூப் வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியென்னா பழுப்பும் கலந்தால் வரும் சாம்பல் போதும். நீலம் தூக்கலாக ஒரு ஓரம், பழுப்பு தூக்கலாக ஒரு ஓரம். அப்போது இருட்டுக்குள் ஆள் நடக்க இடம் இருக்கும்.

இதெல்லாம் நடக்கும்போது உங்களை நோக்கி இயற்கை அன்பே உருவாக நிற்கும் என்று நினைக்கவேண்டாம். மே மாதம் கறுப்பு ஈக்கள் காதுக்குப் பின்னால் கடிக்கும், ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். காலையில் ஆற்றோரத்து ஈரத்தில் ஒரு வாஷ் இருபது நிமிஷம் ஆனாலும் காயாது. பொறுக்காமல் மேலே இன்னொன்று பூசினால் காலிஃபிளவர் பூத்துவிடும். நவம்பரில் காகிதத்தின் மேலேயே தண்ணீர் உறைந்து ஃபிரிட்ஜ் கண்ணாடியில் பார்க்கிற மாதிரிப் படிகம் விழும். ஆற்றுக்குக் கீழே இறங்கி நின்றால்தான் பாலத்தின் கல் அடித்தளம் தெரியும், ஆனால் அங்கே பாய்ஸன் ஐவி. எல்லோரும் சாலையோரத்தில் அதே ஒரு இடத்தில் முக்காலி போடுவதற்கு இது ஒரு காரணம். நான் குறை சொல்லவில்லை. சொல்கிறேன், ஆமாம்.

*

என் கட்சிக்கு எதிராக எழும் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தாண்டாமல் போவது நேர்மையில்லை. ‘கலைஞன் கேமரா இல்லை, எதை எடுக்கணும் எதை விடணும்னு தீர்மானிக்கிறதுதான் கலை.’ குழுவில் இன்னொருவர், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், எனக்கு மெயிலில் இதையே எழுதினார்.

சரிதான். விடுவது உரிமை. நானும் விடுகிறேன். ஆயிரம் இலைகளில் நாற்பதைத்தான் வரைகிறேன். ஆனால் பதினோரு பேரில் பத்துப் பேர் ஒரே பொருளை விடும்போது அதில் தீர்மானம் எங்கே இருக்கிறது? யார் தீர்மானித்தது? ஒவ்வொரு டிசம்பரிலும் வங்கியிலும் பலசரக்குக் கடையிலும் இலவசமாகக் கொடுக்கும் காலண்டர் தீர்மானித்தது. அக்டோபர் பக்கத்தில் சிவப்புப் பாலம், முக்கால் கோணம், ஓடையில் பிம்பம், வண்டி கிடையாது, மனிதர் கிடையாது. அந்தப் படம் மண்டைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று மணி நேரம் குளிரில் உட்கார்ந்து, கண்ணெதிரே இருப்பதை ஒவ்வொன்றாக அழித்து, அந்த மண்டைப் படத்தை மீட்டெடுக்கிறோம். இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே.

சும்மா ஒரு சோதனைக்காக, படம் செய்து தரும் ஏஐ ஒன்றிடம் ‘கூரைப் பாலம், மையும் நீர்வண்ணமும்’ என்று கேட்டேன். நான்கு படங்கள் தந்தது. நான்கும் அந்தப் பத்துப் படங்கள். சிவப்பு, முக்கால் கோணம், பிம்பம், கறுப்புச் சதுரம். எனக்கு ஏஐ மேல் கோபம் வரவில்லை. அது யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது? நம்மைத்தானே. இயந்திரம் கலைஞர்களின் வேலையைத் தின்னப்போகிறது என்று புலம்பும் அதே வாய்கள், இயந்திரத்துக்கு முன்னாலேயே இயந்திரமாக வரைந்துகொண்டிருந்தால் எப்படி?

விடுவது எப்படி என்பதற்கு நல்ல உதாரணம் எரிக் ஸ்லோன். அமெரிக்கக் களஞ்சியக் கொட்டகைகள், கூரைப் பாலங்கள் பற்றி 1954இல் ஒரு புத்தகம் போட்டார். முழுக்கப் பேனா மைக் கோட்டோவியங்கள். அவரும் நிறைய விட்டிருக்கிறார். ஆனால் மூட்டு எங்கே இருக்கிறது, முளை எப்படி இறங்குகிறது, எந்தக் கருவியால் செதுக்கினார்கள் என்பதை விடவில்லை. அவருக்கும் பழமை மோகம் உண்டு, கொஞ்சம் அதிகமாகவே. பெரிய மேகங்களோடு எண்ணெய் வண்ணத்தில் அவர் வரைந்த நிலக்காட்சிகள் எனக்கு ஒட்டவில்லை. மைப்படங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாலத்தைக் கட்டத் தெரிந்துகொள்ள விரும்பியவனின் கோடுகள் அவை.

சுவரை மட்டுமே பார்த்துக் காதலித்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் லாங் குரோவ் என்ற ஊர். அங்கே ஒரு கூரைப் பாலம், ஊரின் அடையாளம். உண்மையில் அது 1906இல் கட்டிய இரும்புப் பாலம். அதன் மேல் 1972இல் மரக்கூரையும் சுவரும் போட்டார்கள், பார்க்க நன்றாக இருக்கும் என்று. மழைக்கோட்டு வேண்டாத ஆளுக்கு மழைக்கோட்டு. 2020இல் பழுதுபார்த்துத் திறந்த சூட்டோடு ஒரு லாரி வந்து மோதியது. அதன் பிறகும் மோதிக்கொண்டே இருக்கிறார்கள், உள்ளூர்ச் செய்திகளில் அது ஒரு தொடர்கதை. ஜிபிஎஸ் ‘நேராகப் போ’ என்கிறது, ஓட்டுநர் போகிறார். மஞ்சள் பலகை அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. பலகையைப் பார்க்காமல் பழகிய கண்கள் ஓவியர்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

*

இவ்வளவு வீறாப்பாக எழுதுகிறவன் யோக்கியனா என்று கேட்பீர்கள். இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன், வரையத் தொடங்கிய புதிதில், ஒரு சிறிய லேட்டிஸ் பாலத்தை ஒரு முழு வெயில்காலமும் வரைந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். ஒன்பது படங்கள். மேற்குக் கரையில் பாலம் கல்சுவரின் மேல் வந்து உட்காரும் இடம் பார்க்க அசிங்கமாக இருக்கும். சுவர்ப் பலகைகள் அடியில் கறுத்து, இரண்டு பலகை உடைந்து, உள்ளே ஏதோ இரும்புத் தகடு தெரியும். நான் அங்கே ஒரு புதர் வரைந்தேன். ஒன்பது படத்திலும் புதர். முன்னணியில் ஒரு கரும்பச்சை இருந்தால் கண் பாலத்துக்குப் போகும் என்று யூட்யூபில் ஒருவர் சொல்லியிருந்தார். புதர் நன்றாகவே வந்தது. ஒரு படத்தை நண்பன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குச் சட்டமிட்டுக் கொடுத்தேன். இன்றும் அவன் ஹாலில் தொங்குகிறது. அங்கே சாப்பிடப் போனால் முதுகைக் காட்டி உட்காருகிறேன்.

அடுத்த வருடம் போனபோது பாலத்தை அடைத்திருந்தார்கள். அந்த மூலையில் அடிக்கட்டை உளுத்து, பாலம் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. பழுதுபார்க்க வந்திருந்த தச்சர் ஒருவர், அறுபது வயதிருக்கும், நான் முக்காலியோடு நிற்பதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். போன வருடம் வரைந்தேன் என்றதும் ஆர்வமாகிவிட்டார். அந்த மூலை அப்போது எப்படி இருந்தது, பலகை எவ்வளவு தூரம் விலகியிருந்தது, தண்ணீர் எங்கே வழிந்தது, படத்தில் இருக்கிறதா? கேட்டது வேலை முறையாகத்தான், ஆனால் எனக்குக் காது சுட்டது. செல்போனில் ஒன்பது படத்தையும் காட்டினேன். அவர் விரலால் பெரிதாக்கினார். புதர். அடுத்தது. புதர். மூன்றாவதோடு நிறுத்திவிட்டு, “நல்ல புதர்” என்றார்.

நான் வரைந்திருந்தால் பாலம் தப்பித்திருக்கும் என்று சொல்லவரவில்லை. அவ்வளவு பெரிய ஆள் இல்லை நான். ஆனால் ஒரு வெயில்காலம் முழுக்க அந்த மூலையை நேரில் பார்த்த ஒரே ஆள் நான்தான். சிவில் வேறு படித்தவன். என் கண் அதைப் பார்த்தது, பிறகு கை அதன் மேல் இலைகளைப் போட்டது. ஆபீஸில் இதைச் செய்தால் பெயர் உண்டு. லாகில் சிவப்பாக வரும் எரரை ஃபில்டர் போட்டு மறைத்துவிட்டு டாஷ்போர்டு பச்சையாக இருக்கிறது என்று மீட்டிங்கில் காட்டுவது.

இந்தப் பாலங்கள் மலையைப் போலத் தாமாக நிற்பவை இல்லை. 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயலின் வெள்ளம் வெர்மாண்ட்டின் பார்ட்டன்ஸ்வில் பாலத்தை, 1870இல் கட்டியது, அடியோடு தூக்கிக்கொண்டு போனது. கரையில் நின்றவர்கள் எடுத்த காணொளியை இணையத்தில் பார்க்கலாம். வீடு ஒன்று சாவகாசமாகக் குளிக்க இறங்குவதுபோல இருக்கும். அதே நாளில் நியூயார்க் மாநிலத்தின் பிளென்ஹைம் பாலமும் போனது. 1855, ஒரே தாவலில் 210 அடி. அயோவாவின் சீடர் பாலம், மேடிசன் கவுன்டி நாவலின் அட்டையில் இருப்பது, 2002இல் யாரோ தீ வைத்து எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். 2017இல் மறுபடியும் தீ வைத்தார்கள். மறுபடியும் கட்டினார்கள். பார்ட்டன்ஸ்வில், பிளென்ஹைம் இரண்டையும் கட்டிவிட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் கை தூக்கி வரிப்பணம் ஒதுக்கியவர்கள், வரைபடம் போட்டவர்கள், பலகை அறுத்தவர்கள் என்று நிறையப் பேர் சேர்ந்து செய்தது. கார்னிஷ்-விண்ட்சர் பாலத்தை 1989இல் பழுதுபார்த்தபோது பசையால் ஒட்டிய நவீன மர உத்தரங்கள் நுழைந்தன. பழமைவாதிகளுக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. அதையும் வரைகிறேன், மரத்தில் ஒட்டின அடுக்குகள் தெரிகிற மாதிரி. அந்த இரும்புச் சட்டமும் மஞ்சள் பலகையும் அதே வேலையின் பகுதிதான். தினமும் லாரியிடமிருந்து பாலத்தைக் காப்பாற்றுவது அவைதான். நம் படத்தில் அவற்றுக்கு இடமில்லை.

ஊரிலிருந்து ஒரு நண்பன் கேட்டான்: “ஏன்டா, நம்ம ஊர்ல பாலமே இல்லையா? வெள்ளைக்காரன் பாலத்துக்கு நீ எதுக்குடா வக்காலத்து?” நியாயமான கேள்வி. என் சனிக்கிழமைகள் இங்கே இருக்கின்றன என்பதுதான் பதில். நேரில் உட்கார்ந்து வரைகிறேன் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்த இடத்தை விட்டு மனசை வேறெங்கோ அனுப்பினால் நான் திட்டும் அந்தப் பத்துப் பேருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதோடு, அந்த மில் பலகைகளை அடுக்கி முளை அடித்த கூலிக்காரனுக்கும் எனக்கும் நிறம் தாண்டி ஏதோ ஒரு பங்காளி உறவு இருப்பதாகத் தோன்றுகிறது. அவனும் வேறொருவன் டிசைனை அமல்படுத்தினவன்தான்.

குழு அடுத்த மாதம் ஊர் நூலகத்தில் கண்காட்சி வைக்கிறது. பலகை உள்ள படத்தைக் கொடுத்தேன். ஓரத்தை மட்டும் கொஞ்சம் வெட்டிச் சட்டமிட்டால் ‘கம்போசிஷன் இன்னும் இறுகும்’ என்று பதில் வந்தது. எந்த ஓரம் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. முழுசாக வைப்பதென்றால் வையுங்கள், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். இந்தத் தடவை எழுத்தில் என்பதால் ‘யூ ஆர் ரைட்’ வரவில்லை. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அந்தப் புதர்ப் பாலத்துக்குப் போன சனிக்கிழமை மறுபடி போயிருந்தேன். திறந்துவிட்டார்கள். மேற்கு மூலையில் புதுப் பலகைகள் பழசோடு ஒட்டாமல் வெளிர் மஞ்சளாக இருந்தன. பாய்ஸன் ஐவியைத் தாண்டிக் கீழே இறங்கி, அந்த மூலையை மட்டும் வரைந்தேன். மேல்சுவர்ப் பலகைகளை இன்னும் அடிக்கவில்லை, லேட்டிஸ் திறந்து கிடந்தது. மிச்ச வேலைக்கு வந்திருந்த அதே தச்சர் சாப்பாட்டு நேரத்தில் வந்து தோளுக்கு மேலால் பார்த்தார். சாண்ட்விச்சை மென்றுகொண்டே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அழுக்கு விரலால் ஒரு சந்திப்பைத் தொடாமல் காட்டினார்.

“இங்க மூணு முளை. நீ ரெண்டு போட்டிருக்க.”

எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான். மையில் அழிக்கத்தான் முடியாது, சேர்க்கலாம். சேர்த்தேன்.